படிச்சவங்க வந்து லெக்சர் குடுத்தா கிராமம் முன்னேறுமா?

14 நவம்பர் 2019, பர்மாவுல தட்டோன் பக்கத்துத் தம்பி ஒருத்தர் கேட்டது

வருஷா வருஷம் விவசாயம் படிச்சவங்க ஊருக்கு வர்றாங்க, பேனர் கட்டுறாங்க, லெக்சர் குடுக்குறாங்க, சோத்துப் பொட்டலம் குடுத்து போட்டோ புடிச்சிட்டுப் போயிடுறாங்க. அமெரிக்காவுல யூனிவர்சிட்டியே கிராமத்துக்குள்ள வந்து ஒக்காந்து ஊரை மாத்திடுச்சாம். இங்க ஏன் ஒண்ணும் நடக்கல? என்னைக் கேட்டா இது எல்லாமே கணக்குக் காட்டுற வேலை. இல்லைன்னு யாராச்சும் சொல்லுங்க பாப்போம்.

14 நவம்பர், ராத்திரி

நான் சொல்றேன் தம்பி. முழுசா இல்லைன்னு சொல்ல மாட்டேன், பாதி இல்லைன்னு சொல்றேன்.

நான் இருக்கிறது பாகோவுக்கு வெளிய ஒரு கிராமம், ஒம்போது ஏக்கர், மழைக்கு நெல்லு, நெல்லு எடுத்த கையோட அந்த ஈரத்துலயே உளுந்து. தாத்தா காலத்துலேர்ந்து இதேதான். லெக்சர் நானும் கேட்டிருக்கேன், பத்துக்குக் கொறையாது. ஒரு தடவை ஒரு ஆபீஸ்லேர்ந்து வந்து நெல்லுக்கு யூரியா எந்தெந்த நாள் போடணும்னு ரெண்டு மணி நேரம் பாடம் எடுத்தாங்க, நல்ல பாடம்தான், குத்தம் சொல்ல முடியாது, ஆனா அன்னிக்கு நாங்க நெல்லை அறுத்துக் களத்துல போட்டு பத்து நாள் ஆச்சு. கேட்டா பட்ஜெட் அப்பதான் வந்துச்சாம். அவங்க குடுத்த பேனா ரெண்டு வருஷம் நல்லா எழுதுச்சு.

அப்புறம் ஒரு சயாமா வந்தாங்க. அந்தக் கதை வேற.

16 நவம்பர்

சயாமான்னா யாருன்னு தமிழ்நாட்டுலேர்ந்து ஒருத்தர் கேக்குறார். பர்மாவுல வாத்தியார் சயா, டீச்சரம்மா சயாமா, கொஞ்சம் மரியாதையா யாரைக் கூப்பிட்டாலும் இதான்.

போன வருஷம் நவம்பர்ல வந்தாங்க. இருவத்தாறு இருவத்தேழு வயசு இருக்கும், விவசாயம் படிச்சு முடிச்சு ஆராய்ச்சி மாதிரி ஏதோ பண்ணிட்டிருந்தாங்க. பேனர் கட்டல. ஸ்கூல் வாத்தியார் வீட்டுல ஒரு ரூம் எடுத்துத் தங்கினாங்க. மொத வாரம் முழுக்க யார் கொல்லை எங்க இருக்கு, எதுல தண்ணி நிக்குது, எது மேடுன்னு கேட்டுக்கிட்டே சுத்துனாங்க, ஒரு பாடமும் எடுக்கல. நாங்க வரி போடத்தான் வந்திருக்காங்கன்னு நெனச்சோம்.

ரெண்டாவது வாரம் ஒரு பொட்டலத்தை எடுத்தாங்க. கருப்பா ஈர மண்ணு மாதிரி. ரைசோபியம். உளுந்து வேர்ல முடிச்சு முடிச்சா இருக்குமே, அதை உண்டாக்குற பாக்டீரியா, காத்துல இருக்கிற நைட்ரஜனைப் புடிச்சு செடிக்குக் குடுக்கும், யூரியா செலவு மிச்சம். பனவெல்லத்தைத் தண்ணியில கரைச்சு விதையில பெசறி, இதைத் தூவிக் கலந்து, நெழல்ல ஒணத்தி, அன்னிக்கே விதைச்சிடணும். வெயில் பட்டா செத்துடும்.

இதை அவங்க பர்மீஸ்ல சொன்னாங்க. எங்க ஊர்ல ஆம்பளைங்களுக்குப் பர்மீஸ் தண்ணி பட்ட பாடு, ஆனா வயசான பொம்பளைங்களுக்குக் கடைத்தெரு பர்மீஸ்தான் வரும். அதனால எங்க ஊர்ப் பையன் ஒருத்தன் தமிழ்ல சொல்றேன்னு நின்னான். பர்மீஸ்ல கிருமிக்கும் 'போ'ங்கிற சொல்லுதான், புழு பூச்சிக்கும் அதே 'போ'தான். இவன் என்ன பண்ணான், "இந்தப் பொட்டலத்துல புழு இருக்கு, இதை விதையில கலந்து விதைக்கணும்"னுட்டான்.

எங்க பெரியத்தை எந்திரிச்சாங்க. "ஏன்டா, உளுந்துல புழு வந்துடக் கூடாதுன்னு வேப்பெலை போட்டு வைக்கிறவ நானு. இவ நம்மளையே காசு குடுத்து வாங்கிப் போடச் சொல்றாளா?"

கூட்டம் அத்தோட முடிஞ்சிடுச்சு.

17 நவம்பர்

மேல எழுதுனதுல ஒரு திருத்தம், சயாமா காசு எதுவும் வாங்கல, பொட்டலம் சும்மாதான் குடுத்தாங்க. காசுங்கிறதெல்லாம் அத்தை சேத்துக்கிட்டது.

19 நவம்பர்

அமெரிக்கா கதைக்கு வரேன், ஏன்னா தம்பி கேட்டதோட வேரு அங்கதான் இருக்கு, எனக்கும் இதுல ஒரு பைத்தியம் உண்டு.

யூனிவர்சிட்டி ஊருக்குள்ள வந்து ஒக்காந்துச்சுன்னு சொல்றது சரிதான், ஆனா ஒரே நாள்ல வரல. 1862ல மோரில் சட்டம்னு ஒண்ணு போட்டு, காலேஜ் கட்டுறதுக்காக மாநிலங்களுக்கு அரசாங்க நெலத்தைக் குடுத்தாங்க, விவசாயமும் தொழிலும் சொல்லிக் குடுக்குற காலேஜ். 1887ல ஹேட்ச் சட்டம், அந்தக் காலேஜ்களோட சேத்து ஆராய்ச்சிப் பண்ணை. காலேஜும் வந்துச்சு ஆராய்ச்சியும் வந்துச்சு, விவசாயி மட்டும் அந்தப் பக்கமே எட்டிப் பாக்கல. அப்புறம் 1914ல ஸ்மித்-லீவர் சட்டம் போட்டுத்தான் எக்ஸ்டென்ஷன்னு, அதாவது படிப்பை விவசாயி வாசலுக்குக் கொண்டு போற வேலை, தனியா வந்துச்சு. ஒவ்வொரு கவுண்டிக்கும் ஒரு ஏஜென்ட், கவுண்டின்னா நம்ம மியோனே, தமிழ்நாட்டுத் தாலுகா மாதிரி வச்சுக்குங்க. அந்த ஆளு அங்கயே குடியிருப்பாரு. சம்பளக் காசுல மத்திய அரசாங்கம் ஒரு பங்கு, மாநிலம் ஒரு பங்கு, கவுண்டியும் ஒரு பங்கு. உள்ளூர்க் காசும் அதுல இருக்கிறதால ஏஜென்ட் சரியில்லைன்னா ஊர்க்காரன் எந்திரிச்சுக் கேப்பான்.

நம்ம பர்மாவுல இந்த மூணும் மூணு எடத்துல இருக்கு. படிப்பு யெசின் விவசாய யூனிவர்சிட்டி. ஆராய்ச்சி அதே யெசின்ல தனி டிபார்ட்மென்ட். ஊருக்கு வர்றது விவசாய டிபார்ட்மென்ட்டோட ஆளுங்க. எல்லாம் ஒரே மினிஸ்ட்ரிக்குக் கீழதான், யூனிவர்சிட்டியும் கல்வி மினிஸ்ட்ரியில இல்ல, விவசாய மினிஸ்ட்ரியிலதான் இருக்கு. இருந்தும் விவசாயி கேட்ட கேள்வி ஆராய்ச்சிக்காரர் காதுக்குப் போறதுக்குள்ள அந்தப் பயிர் அறுவடையே ஆயிடும்.

19 நவம்பர், இன்னும் கொஞ்சம்

எழுத வந்ததே மறந்துட்டேன். 1914 சட்டத்துக்கு முன்னாடி 1903ல டெக்சஸ்ல டெரல்னு ஒரு ஊர்ல நடந்ததைப் பாருங்க. பருத்திக்காயைத் தொளைக்கிற வண்டு வந்து மொத்தப் பயிரும் போயிட்டிருந்த நேரம். சீமன் நாப்னு ஒரு பெரியவர், அப்பவே எழுவது வயசு கிட்ட, போர்ட்டர்னு ஒரு விவசாயியைப் புடிச்சு அவர் நெலத்துல எழுவது ஏக்கர்ல தன் முறைப்படி செய்ய வச்சாரு. அரசாங்கப் பண்ணை வேணாம், விவசாயியோட சொந்த நெலத்துல அவனே செய்யட்டும்னாரு. அதை விட முக்கியம், நட்டம் வந்தா ஈடு கட்டுறோம்னு ஊர் வியாபாரிங்க எல்லாம் சேந்து ஆயிரம் டாலர் கிட்டப் போட்டு வச்சாங்க. கடைசியில லாபம்தான் வந்துச்சு, அந்தப் பணத்தைத் தொடவே இல்ல.

அந்த ஆயிரம் டாலர்லதான் என் மனசு நிக்குது. சொல்லிக் குடுக்குறவன் பாடம் தப்பா போனா அவன் சம்பளம் கொறையறதில்ல, கேட்டவனுக்குத்தான் ஒரு வருஷச் சோறு போகுது. பெரியத்தை எந்திரிச்சது புழுவுக்காகன்னு நான் அன்னிக்குச் சிரிச்சேன், அதுக்காக மட்டும் இல்லைன்னு இப்பத் தோணுது.

23 நவம்பர்

சயாமாவுக்காக எங்க ஊர்க் கோயில் கமிட்டி ஜாமீன் நின்ன கதையைக் கேட்டிருக்கீங்க.

புழுப் பொட்டலக் கூட்டத்துக்கு அப்புறம் சயாமா ஒரு ஏக்கர் கேட்டாங்க, யாரும் குடுக்கல. நானும்தான் குடுக்கல, இப்ப நல்லவன் மாதிரி எழுதுறேன். 2017 ஆகஸ்ட்ல இந்தியா இறக்குமதிக்குக் கட்டு போட்டுச்சே, உளுந்தும் பாசிப்பயறும் சேத்து 3 லட்சம் டன், துவரை 2 லட்சம் டன், அதுக்கு மேல வரக் கூடாதுன்னு, அந்த அடியில இருந்து எந்திரிக்காத நேரம். நம்ம உளுந்து போறதே அங்க இட்லிக்கும் தோசைக்கும்தான், அவன் கதவைச் சாத்துனா யாங்கோன் பெயின்னௌங் மொத்த மார்க்கெட்ல மூட்டை அப்படியே கெடக்கும். அந்த நேரத்துல பரிசோதனைக்கு எவன் நெலம் குடுப்பான்?

கமிட்டித் தலைவர் மாமாகிட்ட நான் டெரல் கதையைச் சொன்னேன், சும்மா டீக்கடையில சொன்னதுதான். அவர் ரெண்டு நாள் ஒண்ணும் பேசல. வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சதும் எல்லாரையும் நிறுத்தி வச்சு, "எவன் ஒரு ஏக்கர் குடுக்குறானோ அவனுக்குப் பக்கத்துக் கொல்லையை விடக் கொறைஞ்சா கொறைஞ்சதை கோயில் குடுக்கும், ரெண்டு தின் வரைக்கும்"ன்னாரு.

தின் நம்ம கூடை அளவு. பயறுன்னா ஒரு தின்னுக்கு 20 வீசை, நெல்லுன்னா 46 பவுண்டு. வீசை நம்ம சொல்லுதான், வெள்ளைக்காரன் அதை விஸ்னு எழுதி வச்சுட்டான், தமிழ்நாட்டுல கிலோ வந்து வீசையே போயிடுச்சு, இங்க சந்தையில இன்னிக்கும் வீசையிலதான் நிறுக்குறோம். எனக்கு இது ஒரு சின்ன சந்தோசம்.

ரெண்டு தின்னுன்னதும் ஒரே சத்தம். சாமி காசை உளுந்துல போடலாமான்னு ஒருத்தர். பக்கத்துக் கொல்லைக்காரன் வேணும்னே நல்லா ஒரம் போட்டுக் கூட்டிக் காட்டிட்டா என்னன்னு ஒருத்தர், நல்ல கேள்விதான். கடைசியில மாமா தன் சொந்தக் கொல்லையிலயே ஒரு ஏக்கர் குடுத்துட்டாரு. கோயில் ஜாமீன் கோயில் தலைவருக்கேன்னு இன்னும் கேலி ஓடுது.

24 நவம்பர்

டெரல்ல ஆயிரம் டாலர், எங்க ஊர்ல ரெண்டு தின் உளுந்து. அவனவன் தகுதிக்கு.

2 டிசம்பர்

பொட்டலத்தால பலன் இருந்துச்சான்னு மூணு பேர் கேட்டுட்டாங்க. இருந்துச்சு. பூ வர்ற சமயம் செடியைப் புடுங்கி வேர்ல இருந்த முடிச்சை நகத்தால கிள்ளிக் காட்டினாங்க சயாமா, உள்ள ரோஸா இருந்துச்சு. ரோஸா இருந்தா வேலை செய்யுது, வெள்ளையாவோ பச்சையாவோ இருந்தா தண்டம். பெரியத்தையே வந்து நாலு செடி புடுங்கிக் கிள்ளிப் பாத்துட்டு "புழு எங்கடி?"ன்னு கேட்டாங்க. அறுப்புல பக்கத்துக் கொல்லையை விட ஒண்ணரை தின் கூட. கோயில் ஒண்ணும் குடுக்க வேண்டி வரல.

21 டிசம்பர்

நியூஸ் பாத்தீங்களா, இந்தியா உளுந்துக் கோட்டாவை ஒண்ணரை லட்சம் டன்லேர்ந்து 4 லட்சம் டன்னா ஏத்திடுச்சு, அங்க மழையில பயிர் போச்சாம். அவன் பயிர் போனா எங்க ஊர்ல லட்டு, சொல்லவே ஒரு மாதிரி இருக்கு, என்ன பண்றது. நேத்துலேர்ந்து புரோக்கர் போன் நிக்கல.

இதுல தம்பிக்கு ஒரு விசயம் இருக்கு. ஒண்ணரை தின் கூட வந்துச்சுன்னு பெருமையா எழுதினேனே, இந்த ஒரு நியூஸுல விலை ஏறுறதுக்கு முன்னாடி அந்த ஒண்ணரை தின்னு ஒண்ணுமே இல்ல. எந்தச் சயாமா வந்தும் டெல்லி கோட்டாவை மாத்த முடியாது. கோட்டா வரப் போகுது, அவசரப்பட்டு விக்காதீங்கன்னு சொல்றதுக்கு ஒருத்தர் இருந்திருந்தா? அது விவசாயப் பாடமா இல்லையா?

23 டிசம்பர்

இதைச் சொல்லாம விட்டா தூக்கம் வராது. ஒண்ணரை தின்னு கூட வந்தது பொட்டலத்தாலன்னு நான் சொன்னது சந்தேகம்.

மாமா குடுத்த ஏக்கர் பள்ளம். நெல்லு எடுத்தப்புறம் அங்க ஈரம் கூடுதலா பத்து நாள் நிக்கும், உளுந்துக்கு அந்த ஈரம்தான் எல்லாமே. பக்கத்துக் கொல்லை மேடு. சயாமாவுக்கும் தெரியும், அவங்க நோட்டுல எழுதி வச்சிருந்தாங்க, எங்ககிட்டயும் சொன்னாங்க, நாங்கதான் கேக்கல, ஜெயிச்ச சந்தோசம். இன்னொண்ணு, பொட்டலம் போடாத மேட்டுச் செடியிலயும் முடிச்சு இருந்துச்சு, உள்ள ரோஸாவும் இருந்துச்சு. இருவது முப்பது வருஷமா உளுந்தே போட்ட மண்ணுல அந்த பாக்டீரியா ஏற்கெனவே கெடக்குமாம். புதுசா உளுந்து போடுற எடத்துலதான் பொட்டலம் நல்லா வேலை காட்டும்னு அவங்களே சொல்லிட்டாங்க.

இதையும் ஒத்துக்கிட்ட ஆளுங்கிறதாலதான் எனக்கு அவங்க மேல மரியாதை. பேனர்க்காரங்களா இருந்தா ஒண்ணரை தின்னை போர்டுல எழுதி ரோட்டோரம் நட்டிருப்பாங்க.

24 டிசம்பர்

"அப்ப நான் சொன்னதுதானே சரி"ங்கிறார் தட்டோன் தம்பி. அவசரப்படாதீங்க, சல்லடைக் கதை இன்னும் சொல்லல.

5 ஜனவரி 2020

புதுக்கோட்டைலேர்ந்து என் பெரியப்பா மகன் போன் பண்ணான். அறுவதுகள்ல இங்கேர்ந்து கப்பல் ஏறிப் போன குடும்பம், அங்க போய் இன்னும் எங்க அண்ணி ஞாயித்துக்கிழமை மொய்ங்கா, நம்ம பர்மா மீன் கொழம்பு நூடுல்ஸ், பண்றாங்க. அவன் ஊர்ப் பக்கம் வம்பன்ல கோயம்புத்தூர் விவசாய யூனிவர்சிட்டியோட பயறு ஆராய்ச்சி நிலையம் இருக்கு, அங்கேர்ந்து வர்ற உளுந்து ரகம் எல்லாம் வம்பன் 4, வம்பன் 6, வம்பன் 8னு நம்பரோட இருக்கும், மஞ்சத் தேமல் நோயைத் தாங்குறது. கூடவே விவசாயிங்களுக்குச் சொல்லிக் குடுக்குற வேளாண் அறிவியல் நிலையமும் அங்கயே. இந்தியாவுல இந்த நிலையம் மொதல்ல 1974ல பாண்டிச்சேரியில ஆரம்பிச்சாங்க, அதுவும் கோயம்புத்தூர் யூனிவர்சிட்டி கையிலதான், இப்ப நாடு முழுக்க எழுநூறுக்கு மேல. அமெரிக்காக்காரன் ஒண்ணா வச்சதை இவங்களும் ஏறக்குறைய பக்கத்துல பக்கத்துல வச்சிருக்காங்க.

பேரே வம்பன், வம்புக்குன்னே இருக்குன்னு சிரிச்சுட்டு, அடுத்த தடவை வர்றப்ப பையில ரெண்டு கிலோ விதை போட்டுட்டு வாடான்னுட்டேன்.

6 ஜனவரி

வாபஸ். மோல்மேன்லேர்ந்து ஒரு அண்ணன் நல்லா திட்டிட்டாரு, நியாயம்தான். விதையைப் பையில போட்டுக் கடல் தாண்டிக் கொண்டு வந்தா நோயையும் சேத்துக் கொண்டு வர்றதாயிடும், அதுக்குத்தான் செக்கிங் எல்லாம் வச்சிருக்கான். அங்க தாங்குற ரகம் இங்க இருக்கிற தேமலைத் தாங்கும்னும் இல்ல. அண்ணே, எழுதுனது நான்தான், தப்புதான்.

18 ஜனவரி

நம்ம நாட்டுலயே இந்த யோசனை பழசுதான், இது தம்பிக்கு. 1923லயே பியின்மனாவுல பிரேட்டன் கேஸ்னு ஒரு அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி விவசாயப் பள்ளிக்கூடம் ஆரம்பிச்சாரு. நல்ல ஜாதிக் கோழி, பன்னின்னு கிராமத்துக்குள்ள கொண்டு போனவர். இன்னிக்கு யெசின் இருக்கிறது அந்த பியின்மனாவுக்குப் பக்கத்துலதான். ஆக நூறு வருஷமா யாரோ ஒருத்தர் அந்தப் பக்கத்துலேர்ந்து கிளம்பிக்கிட்டேதான் இருக்காங்க, எங்க ஊர் வரைக்கும் வந்து சேர்றதுதான் லேட்டு.

2 பிப்ரவரி

சல்லடை.

உளுந்துல ரெண்டு தரம், எஃப்ஏக்யூன்னா சாதா தரம், எஸ்க்யூன்னா ஸ்பெஷல் தரம். ரெண்டாவதுதான் பெருசு, ஒரே சீரா இருக்கும், விலையும் கூட. நாங்க காலம் பூரா களத்துல அடிச்சு மண்ணு கல்லு சருகோட மூட்டை கட்டி புரோக்கர் சொன்ன விலைக்குக் குடுத்தவங்க. அவன் யாங்கோன்ல சலிச்சு ரெண்டாப் பிரிச்சு ரெண்டு விலைக்கு வித்துக்குறான். பொட்டலம் வேலைக்கு ஆகலைன்னு ஆனப்புறம் சயாமா மனசு ஒடைஞ்சு போயிடல, சாயங்காலம் பொம்பளைங்களோட ஒக்காந்து பேசிட்டிருக்கறப்ப இந்த விசயம் வந்துச்சு. யார் கேட்டாங்கன்னு நெனைக்கிறீங்க? பெரியத்தைதான். "அவன் சலிக்கிறதை நாம சலிச்சா என்னடி?"

பன்னண்டு பொம்பளைங்க சேந்து ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ரெண்டு சல்லடையும் ஒரு தார்ப்பாயும் வாங்கினாங்க. நல்லாக் காய வச்சது தனி, சலிச்சது தனி. புரோக்கர் மொதல்ல வாங்க மாட்டேன்னான். அத்தை மூட்டையைத் தோலாஜியில, இன்ஜின் வச்ச ஊர் வண்டி, ஏத்தி பாகோவுக்கே கொண்டு போயிட்டாங்க. அடுத்த வாரம் அவனே வந்தான்.

அமெரிக்காவுலயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு. 1910ல தென் கரோலினாவுல மேரி குரோமர்னு ஒரு ஸ்கூல் டீச்சர், பொண்ணுங்களுக்கு ஆளுக்கு ஏக்கர்ல பத்துல ஒரு பங்கு தக்காளி போட வச்சு, அதை டப்பாவுல அடைச்சு விக்கச் சொல்லிக் குடுத்தாங்க. ஆம்பளைங்க கூட்டம் போட்டு மகசூல் பேசிட்டிருந்தப்ப பொம்பளைங்க காசு பாத்தாங்க.

3 பிப்ரவரி

"நெலம் இல்லாதவங்களுக்கு என்ன செஞ்சாங்க?"ன்னு ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. இதுக்கு எங்கிட்ட நல்ல பதில் இல்ல.

2012 விவசாய நெலச் சட்டத்துக்கு அப்புறம் ஃபாரம் 7, அதாவது நெலத்துல பயிர் பண்ற உரிமைச் சீட்டு, இருந்தாத்தான் நெலம் உன்னுதுன்னு கணக்கு. அது இருந்தா விவசாய பேங்க்ல நெல்லுக்குக் கடன் கெடைக்கும். எங்க ஊர்ல கூலிக்குப் போற குடும்பம், குத்தகைக்குப் பண்ற குடும்பம், அடையாள கார்டே சரியா இல்லாத குடும்பம் எல்லாம் உண்டு. கூட்டத்துக்குக் கூப்பிடுற லிஸ்டே ஃபாரம் 7 பாத்துத்தான் எழுதுறாங்க. அமெரிக்காவுலயும் 1862 காலேஜ்ல தெற்குப் பக்கம் கறுப்புக்காரங்களைச் சேக்கல, 1890ல இன்னொரு சட்டம் போட வேண்டியதாச்சு. 1906ல டஸ்கிகீங்கிற கறுப்பர் காலேஜ்லேர்ந்து அங்க வாத்தியாரா இருந்த கார்வர் வண்டி கட்டி கிராமம் கிராமமா அனுப்பினாரு, கோவேறு கழுதை பூட்டுன வண்டி, அதுதான் நடமாடும் பள்ளிக்கூடம். லிஸ்டுல பேர் இல்லாதவன் வாசலுக்குப் போன வண்டி.

சல்லடைக் கூட்டத்துல பன்னண்டு பேர்ல அஞ்சு பேருக்கு நெலம் இல்ல. சலிக்கிற கூலி அவங்களுக்கு வருது. அதுக்கு மேல பெருசா சொல்றதுக்கு இல்ல.

27 பிப்ரவரி

களத்துல வேலை, எழுத நேரமில்ல. இந்த வருசம் விலை நல்லா இருக்கு. ரெண்டாவது சல்லடை கிழிஞ்சு போச்சு, ஈயக்காரன் ஒட்டித் தர மாட்டேங்கிறான்.

8 மார்ச்

சயாமாவுக்கு மாத்தல் ஆயிடுச்சு, ஷான் பக்கம். போன வாரம் சொல்லிட்டுப் போக வந்தாங்க, அத்தை உளுந்து வடை சுட்டுக் குடுத்தாங்க. அவங்களுக்குப் பதிலா யாரும் வரலை, வருவாங்கன்னும் யாரும் சொல்லலை.

தம்பி, நீங்க கேட்டதுக்கு இப்பவும் பாதிதான் இல்லைங்கிறேன். எந்தப் பாதின்னுதான் மாறிக்கிட்டே இருக்கு.

மாமா நேத்து டீக்கடையில, அடுத்த நவம்பருக்கு மேட்டுலயும் அரை ஏக்கர் பள்ளத்துலயும் அரை ஏக்கர் போட்டுப் பாக்கணும்ங்கிறார், பொட்டலம் போட்டது பாதி போடாதது பாதி. கோயில் ஜாமீன் இந்தத் தடவை தனக்கு வேணாமாம். மேட்டுக்கு என் கொல்லையைக் கேக்குறாரு. யோசிச்சுச் சொல்றேன்னிருக்கேன். பக்கத்துல ஒக்காந்திருந்த பெரியத்தை, "மொதல்ல சல்லடைக்குக் கம்பி வாங்கிக் குடு, அப்புறம் புழு போடலாம்"னாங்க. பாகோவுலயோ தன்லின்லயோ நல்ல கம்பி வலை எங்க கெடைக்கும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.